நம்பாமை மட்டும் போதுமா?

(பெங்களூரு ஈஜிபுராவில் நடைபெற்ற வாசகர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தேநீர்க் கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் பார்க்கிறார்கள், ஆனால் யாரும் நம்புவதில்லை. "காசு வாங்கிக்கொண்டு பேசுகிறார்கள்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் மறுப்பதில்லை. கட்டடத் தொழிலாளியும், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணும், ஆட்டோ ஓட்டுநரும் இன்று ஒரே குரலில் சொல்லும் சொல் இது.

இதைக் கண்டு ஆளும் வர்க்க அறிஞர்கள் கவலை தெரிவிக்கிறார்கள். மக்களுக்குச் செய்தியைப் பகுத்தறியும் பயிற்சி இல்லை, கைபேசி அவர்களைக் கெடுத்துவிட்டது என்பது அவர்களின் விளக்கம். ஆனால் மக்களின் அவநம்பிக்கை அறியாமையில் பிறந்ததல்ல. தங்கள் தெருவில் கண்ணால் கண்டதையும், மறுநாள் செய்தியாக வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அனுபவத்தில் பிறந்தது அது. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஈஜிபுராவின் வரலாறே போதும்.

இடிக்கப்பட்ட வீடுகள், எழுதப்பட்ட சொற்கள்

பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்காக மாநகராட்சி கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு இங்கே இருந்தது. கட்டுமானத்தின் தரம் எத்தகையது என்பதைக் காலமே காட்டிவிட்டது. கட்டடங்கள் சிதைந்தன; இடிந்து விழுந்தன. மக்கள் தகரக் கொட்டகைகளில் வாழும் நிலைக்கு வந்தனர். இதற்கிடையில் அரசு - தனியார் கூட்டு என்ற பெயரில் மேவரிக் ஹோல்டிங்ஸ் நிறுவனத்துடன் மாநகராட்சி ஒப்பந்தம் செய்தது. நிலத்தின் ஒரு பகுதியில் ஏழைகளுக்கு வீடு, மறு பகுதியில் வணிக வளாகம் என்பது ஏற்பாடு.

2013 ஜனவரியில் போலீஸ் காவலுடன் இடிப்பு எந்திரங்கள் வந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சில நாட்களுக்குள் நடைபாதைக்குத் தள்ளப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். அருகிலுள்ள கோரமங்களாவின் வீடுகளைத் துடைத்தும், நகரத்தின் தெருக்களைக் கூட்டியும், கட்டடங்களுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தும் வாழ்ந்தவர்கள். ஜனவரிக் குளிரில் குழந்தைகளோடு அவர்கள் சாலையோரத்தில் படுத்த காட்சியை இப்பகுதி மறந்துவிடவில்லை.

செய்தியாளர்கள் வராமல் இல்லை. வந்தார்கள், அவர்களில் சிலர் நேர்மையாகவும் எழுதினார்கள். அதை மறைப்பது நியாயமாகாது. ஆனால் செய்தியின் பொது மொழி எதுவாக இருந்தது? "ஆக்கிரமிப்பாளர்கள்", "தகுதியற்ற குடியிருப்போர்" என்று நிர்வாகம் எந்தச் சொற்களை எடுத்துக் கொடுத்ததோ, அந்தச் சொற்களிலேயே விவாதம் நடந்தது. மாநகராட்சி சொன்னது தகவல் ஆயிற்று. மக்கள் சொன்னது புகார் ஆயிற்று. பொது நிலம் எந்த நிபந்தனையில், யாருக்கு, ஏன் கொடுக்கப்பட்டது என்ற கேள்வி தலைப்புச் செய்திக்கு உரியதாகக் கருதப்படவில்லை. புழுதி அடங்கியதும் படக் கருவிகள் போய்விட்டன. நடைபாதையில் கிடந்த மக்கள் மட்டும் அங்கேயே இருந்தார்கள். அதே ஆண்டு மாநிலத்தில் ஆட்சி மாறியது; இடிக்கப்பட்ட இடத்திலேயே வீடு என்ற கோரிக்கை ஆண்டுகள் பல கடந்தும் நிறைவேறவில்லை.

போக்குவரத்து நெரிசல் என்னும் கண்ணாடி

இன்று செய்தித்தாளில் "ஈஜிபுரா" என்ற சொல் வந்தால் அது எதைக் குறிக்கிறது? மேம்பாலத்தை. ஈஜிபுரா சந்திப்பையும் கோரமங்களாவின் கேந்திரிய சதனாவையும் இணைக்கும் சுமார் 2.5 கிலோமீட்டர் மேம்பாலப் பணி 2017இல் தொடங்கியது. 2019இல் முடிந்திருக்க வேண்டிய பணி அது. 2022இல் ஒப்பந்ததாரர் நீக்கப்பட்டார். மீண்டும் ஒப்பந்தம், மீண்டும் தாமதம். ஒவ்வொரு தூணைப் பற்றியும் செய்தி வந்திருக்கிறது. வர வேண்டியதுதான். பேருந்தில் நசுங்கிச் செல்லும் தொழிலாளியும் அந்தத் தாமதத்தால் துன்பப்படுகிறார்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேம்பாலத்தின் கெடு தவறினால் ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் ஊடகம், வீட்டுக்கான வாக்குறுதி தவறியதற்கு அதே விடாப்பிடியுடன் கணக்குக் கேட்டதில்லை. செய்தி அறையின் கண் காரின் முன் கண்ணாடி வழியாக நகரத்தைப் பார்க்கிறது. அந்தக் கண்ணாடியில் தாமதம் தெரிகிறது. நடைபாதையில் இருப்பவர் தெரிவதில்லை.

2016 ஏப்ரலில் இது இன்னும் தெளிவாக வெளிப்பட்டது. வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று ஒன்றிய அரசு அந்த ஆண்டு பிப்ரவரியில் விதியை மாற்றியது. அந்தச் சேமிப்பை மகளின் திருமணத்துக்கும், கடன் அடைப்பதற்கும், வேலை போன மாதங்களுக்கும் நம்பியிருந்த ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஏப்ரல் 18 அன்று ஓசூர் சாலையில் இறங்கினர். பெரும்பாலும் பெண்கள், சுமார் ஒரு லட்சம் பேர். பெரிய தலைமை எதுவும் அறைகூவல் விடுக்காமலேயே எழுந்த போராட்டம் அது. தடியடிக்கும் கண்ணீர்ப் புகைக்கும் நடுவே இரண்டாம் நாளும் தொடர்ந்தது. ஏப்ரல் 19 அன்று அரசு தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. இந்தியத் தொழிலாளர் வர்க்கத்தின் அண்மைக்கால வெற்றிகளில் இது முதன்மையானது.

அந்த இரண்டு நாட்களும் திரைகளில் முன்னுக்கு நின்றவை எவை? ஓசூர் சாலை முடங்கியது, பேருந்து எரிந்தது, அலுவலகம் செல்வோர் தவித்தனர் என்பவை. அந்தப் பெண்களின் மாதக் கூலி எவ்வளவு, அவர்களின் சேமிப்பு யாருடைய பணம் என்ற கேள்விகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. வென்றவர்கள் தங்கள் வெற்றியைத் திரையில் தேடியபோது நெரிசலைத்தான் கண்டார்கள். அதற்குப் பிறகு அந்தத் திரையை அவர்கள் நம்பவில்லை என்றால், குறை யாரிடம் இருக்கிறது?

உடைமை எங்கே, குரல் அங்கே

இதைத் தனிமனிதர்களின் கெட்ட எண்ணமாகக் கொள்வது தவறு. செய்தியாளர் நல்லவராக இருக்கலாம். அவர் எழுதுவது எங்கே அச்சாகிறது, யார் செலவில் அச்சாகிறது என்பதே கேள்வி. அச்சுச் செலவையே ஈடுகட்டாத விலைக்கு நாளிதழ் விற்கப்படுகிறது. மீதியை விளம்பரம் தருகிறது. பெருநகரங்களில் அந்த விளம்பரத்தின் ஒரு பகுதி மனை, அடுக்குமாடி, வணிக வளாகத் தொழிலிலிருந்தும் அரசிடமிருந்தும் வருகிறது. நாட்டின் மிகப் பெரிய செய்தி நிறுவனங்களில் ஒன்றான பென்னட் கோல்மன், விளம்பரத்துக்கு ஈடாக நிறுவனங்களின் பங்குகளையே பெற்றுக்கொள்ளும் "தனி உடன்படிக்கை" முறையை 2000களின் நடுவிலேயே தொடங்கியது. விளம்பரம் தரும் நிறுவனத்தில் தானே பங்குதாரராக இருக்கும் ஏடு அந்த நிறுவனத்தின் நிலத்தைப் பற்றி எப்படி எழுதும்?

தேர்தல் செய்தியின் நிலை என்ன? 2009 மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளர்களைப் புகழும் கட்டுரைகள் ஒரே சொற்களில் வெவ்வேறு ஏடுகளில் செய்தியாக வெளிவந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் அம்பலப்படுத்தினார். காசுக்குச் செய்தி பற்றி இந்திய பத்திரிகை மன்றத்தின் இருவர் குழு 2010இல் ஏடுகளின் பெயர்களோடு 71 பக்க அறிக்கை தந்தது. மன்றம் அதைச் சுருக்கி, பெயர்களை நீக்கி வெளியிட்டது. முழு அறிக்கையை வெளிக்கொணரத் தகவல் உரிமைச் சட்டத்தின் துணை தேவைப்பட்டது. தன் குற்றத்தையே செய்தியாக்க மறுத்த ஊடகம் மற்றவர் குற்றத்தை எவ்வளவு சொல்லும்?

அதன் பின் உடைமையே இன்னும் குவிந்துவிட்டது. 2014இல் நெட்வொர்க் 18 ரிலையன்ஸின் கைக்குச் சென்றது. 2022இல் என்டிடிவி அதானி குழுமத்தின் கைக்குச் சென்றது. துறைமுகமும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் யாரிடமோ, அவர்களிடமே செய்தியும்.

இதன் விளைவை 2024 ஜூன் மாதத்தில் நாடே பார்த்தது. ஜூன் 1 மாலை பெரும்பாலான தொலைக்காட்சிகளின் கருத்துக்கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல், சில 400 வரை அள்ளிக் கொடுத்தன. பங்குச் சந்தை துள்ளியது. ஜூன் 4 அன்று மக்கள் கொடுத்தது 293. பாஜகவுக்குத் தனியாக 240. சந்தை சரிந்தது, சிறு முதலீட்டாளர் பணம் கரைந்தது. வேலையின்மையும் விலைவாசியும் வாக்காளர் மனத்தில் செய்துகொண்டிருந்த வேலை குளிரூட்டப்பட்ட அரங்குகளுக்குள் எட்டவே இல்லை.

அவநம்பிக்கையின் மறுபக்கம்

இதுவரை சொன்னது பாதி. மறு பாதி கசப்பானது. எதையும் நம்பாதவர் எல்லாவற்றையும் சோதிப்பவர் ஆகிவிடுவதில்லை. பல நேரங்களில் அவர் கையில் கிடைத்ததை நம்புபவராகிறார்.

பெங்களூரு இதற்கு விலை கொடுத்திருக்கிறது. 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படப் போகிறார்கள் என்ற வதந்தி குறுஞ்செய்தியாகப் பரவியது. உணவகங்களிலும் காவல் பணியிலும் அழகு நிலையங்களிலும் வேலை செய்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் சில நாட்களில் நகரத்தை விட்டு ஓடினர். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. நாளொன்றுக்கு ஐந்து குறுஞ்செய்திக்கு மேல் அனுப்பக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. 2018 மே மாதம் சாம்ராஜ்பேட்டையில், பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த ஓர் இளைஞர் அடித்தே கொல்லப்பட்டார். அடித்தவர்களும் உழைப்பாளிகள், இறந்தவரும் உழைப்பாளி.

2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது வதந்தியும் தொலைக்காட்சியும் கைகோத்தன. பெங்களூருவில் ஒரு தமிழ் மாணவர் தாக்கப்பட்ட காட்சியும், ராமேஸ்வரத்தில் ஒரு கர்நாடக ஓட்டுநர் தாக்கப்பட்ட காட்சியும் கைபேசிகளிலும் திரைகளிலும் திரும்பத் திரும்ப ஓடின. செப்டம்பர் 12 அன்று பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. 1991 டிசம்பரை நேரில் கண்ட தமிழ்க் குடும்பங்கள் மீண்டும் கதவைத் தாழிட்டுக்கொண்டன. மண்டியா விவசாயியும் தஞ்சை விவசாயியும் ஒரே வறட்சியில் ஒரே கடனில் நிற்கிறார்கள் என்பதை எந்தத் திரை அத்தனை முறை காட்டியது?

ஆகவே வெறும் அவநம்பிக்கை ஆட்சியாளருக்கு ஆபத்தானது அல்ல. எல்லோரும் பொய்யர்கள் என்று மக்கள் சலித்து ஒதுங்கினால், உண்மையான ஊழலும் பொய்யோடு பொய்யாகக் கரைந்துபோகும். அதிகாரத்தில் இருப்பவருக்கு அதைவிட வசதி வேறில்லை.

செய்தித் தொழிலாளர்களும் மக்கள் ஏடுகளும்

முதலாவதாக, ஊடக முதலாளியையும் ஊடகத் தொழிலாளியையும் ஒன்றாக வைத்து ஏசக் கூடாது. 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் தந்த பாதுகாப்பை ஒப்பந்த முறை அரித்தது; 2020இன் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்தச் சட்டத்தையே விழுங்கியது. வேலை உறுதியில்லாத செய்தியாளர் முதலாளியை எதிர்த்து எழுதுவது எளிதன்று. அதையும் மீறி எழுதியவர்கள் என்ன ஆனார்கள்? கௌரி லங்கேஷ் 2017 செப்டம்பர் 5 இரவு, இதே பெங்களூருவில், தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். நியூஸ்கிளிக் நிறுவனர் பிரபீர் புர்காயஸ்தா 2023 அக்டோபரில் ஊபா சட்டத்தில் சிறை வைக்கப்பட்டார். அந்தக் கைதே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2024 மே 15 வரை ஆயிற்று. அவர்களின் உரிமைக்கான போராட்டம் வாசகரின் உரிமைக்கான போராட்டமும் ஆகும்.

இரண்டாவதாக, மாற்று என்பது கனவல்ல. பி. லங்கேஷ் 1980இல் தொடங்கிய கன்னட வார ஏடு விளம்பரமே வாங்காமல் வாசகர் தந்த காசில் நடந்து, கர்நாடக ஆட்சியாளர்களை நடுங்க வைத்தது. தில்லி எல்லையில் விவசாயிகளைப் பெரிய தொலைக்காட்சிகள் பிரிவினைவாதிகள் என்று தூற்றியபோது, அந்தப் போராட்டக் களத்திலிருந்தே 2020 டிசம்பர் 18 அன்று "ட்ராலி டைம்ஸ்" பிறந்தது. தமிழ் மண்ணில் சிங்காரவேலர் 1923இல் "தொழிலாளன்" நடத்தினார். ஜீவா 1937இல் "ஜனசக்தி"யைத் தொடங்கினார். அச்சகம் வைக்கப் பணமில்லாத காலத்தில் உருவானவை அவை.

மூன்றாவது, கடினமானது. முதலாளித்துவ ஏட்டை மக்கள் எந்தக் கண்ணால் பார்க்கிறார்களோ, அதே கண்ணால்தான் இடதுசாரி ஏட்டையும் பார்ப்பார்கள். பார்க்கட்டும். கூட்டத்துக்கு நூறு பேர் வந்தால் நூறு என்று எழுத வேண்டும். தோற்ற வேலைநிறுத்தத்தைத் தோல்வி என்று எழுதி, ஏன் என்றும் எழுத வேண்டும். தவறு நேர்ந்தால் அடுத்த இதழில் திருத்த வேண்டும். ஏடு மக்களை ஒன்றுதிரட்டும் அமைப்பாளராகவும் இருக்க வேண்டும் என்று லெனின் கருதினார். பொய் சொல்லும் அமைப்பாளரை எந்தத் தொழிலாளியும் இரண்டாம் முறை நம்புவதில்லை.

2013 ஜனவரியில் இந்தத் தெருக்களின் நிலைமையை நாள்தோறும் பதிவு செய்யும் ஓர் ஏடு மக்கள் கையில் இருந்திருந்தால் இடிப்பைத் தடுத்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் யார் யார் வீடிழந்தார்கள், ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டிருந்தது, யார் எந்த நாளில் என்ன வாக்குறுதி கொடுத்தார்கள் என்பது இன்று அழிக்க முடியாத ஆவணமாக நின்றிருக்கும். "ஆக்கிரமிப்பாளர்" என்ற சொல் அத்தனை எளிதாக ஒட்டிக்கொண்டிருக்காது.

இன்னொரு தெருவுக்கு அந்த எந்திரங்கள் வரும் நாளும் இருக்கிறது. அதற்கு முன்பே அத்தெருவில் ஒரு செய்தியாளர் உருவாக வேண்டும். துப்புரவுத் தொழிலாளியின் மகளோ, தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணோ அந்தச் செய்தியாளராக இருக்கலாம். அவர் எழுதுவதை வெளியிடுவதும், அது உண்மையா என்று சரிபார்ப்பதும், வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பதும் இங்கு கூடியிருக்கும் தோழர்களின் வேலை.