ஆர்டர் நம் கையில் இல்லை, நோட்டு நம் கையில்



நாளைக்கு என்ன நடக்கும்னு தெரியாத நிலையில் சின்னத் தொழிலை எப்படி நம்பி நடத்துவது என்று பேசச் சொன்னார்கள். நான் இட்லி மாவு அரைச்சு விக்கிறவ. எனக்குத் தெரிந்ததைச் சொல்றேன்.

நம்ம பக்கத்துல கம்பெனிகளை வச்சுத்தான் கடையும் மெஸ்ஸும் வாடகை ரூமும் ஓடுது. ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா 2006-ல் வந்தது. 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. சில வருஷம் கழித்து அதே இடத்தில் சார்ஜர் செய்ய சால்காம்ப் வந்தது. மறைமலை நகர் ஃபோர்டிலும் 2022-ல் கார் உற்பத்தி நின்றது. பெரிய கம்பெனிக்கே இந்த நிலைமை. எல்லாம் நிச்சயமான பிறகு தொழில் தொடங்கலாம்னு காத்திருந்தா, அந்த நாள் வராது.

அப்போ எதை நம்பறது? நம்ம குழுவுக்குப் பஞ்ச சூத்திரம் இருக்கு: தவறாத கூட்டம், சேமிப்பு, உள்கடன், ஒழுங்கா திருப்பிக் கட்டறது, கணக்கு எழுதறது. அதையே தொழிலுக்கும் வச்சுக்கிட்டேன்.

குழுவில் 20,000 ரூபாய் உள்கடன் எடுத்து, பழைய டில்டிங் கிரைண்டர் வாங்கினேன். முதல் நாளிலிருந்து ஒரு நோட்டு. எத்தனை கிலோ அரைச்சேன், எத்தனை வித்தது, எத்தனை மிஞ்சியது. ஆறேழு மாசத்துல ஒரு ஒழுங்கு தெரிஞ்சது. சம்பளம் வந்த முதல் பத்து நாள் 25 கிலோ போகும். இருபதாம் தேதிக்கு மேல 15 தான். தீபாவளி, பொங்கலுக்கு ரூம் பசங்க ஊருக்குப் போயிடுவாங்க. பாதி அரைச்சா போதும்.

நோட்டுல அடங்காததும் உண்டு. போன வருஷம் ஒரு கம்பெனியில ஒப்பந்தத் தொழிலாளர்களை நிறுத்தினாங்க. எங்க தெருவுல ரூமெல்லாம் ஒரே வாரத்துல காலி. வியாபாரம் 9 கிலோவுக்கு இறங்கிடுச்சு. கிரைண்டரை வித்துடலாம்னு வீட்டுல சொன்னாங்க. எனக்கும் தூக்கம் வரல.

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். அரிசி, உளுந்து, கரண்ட், கவர் செலவு போக கிலோவுக்கு 14 ரூபாய் நிக்குது. 9 கிலோவுக்கு 126. மாசம் 26 நாளைக்கு 3,276 ரூபாய். தவணை 1,200. கட்டிட்டு மீதியும் இருக்கும். 3 கிலோவுக்கு வந்தா தவணைக்கே பத்தாது, அப்போ நிறுத்திடணும்னு அதே பக்கத்துல எழுதி வச்சேன். அது வரைக்கும் தொடர்றதுன்னு முடிவு பண்ணேன்.

அந்த 9 கிலோவும் ஊர் வீடுகள் வாங்கினது. அதனால பக்கத்து ஊர் மளிகைக் கடை ரெண்டுக்கும் போடத் தொடங்கினேன். இன்னைக்கு தினமும் 18 கிலோ. பழைய 25 இன்னும் வரல. ஒரு தவணையும் நிக்கல.

மாவை அரைச்சு வச்சுட்டு, காலையில பொங்கி இருக்கும்னு நம்பித்தான் படுக்கிறோம். அரிசி, உளுந்து அளவும் உப்பும் சரியா போட்டதால வர்ற நம்பிக்கை அது. தொழிலும் அப்படித்தான்.

தையலோ, மாடோ, பெட்டிக்கடையோ, இந்த வாரமே ஒரு நோட்டு போடுங்க. குழுக் கூட்டத்துக்கு அதையும் எடுத்துட்டு வாங்க. பயம் வர்ற அன்னைக்கு அதைத் திறந்து பாருங்க.