‘சூடு’ என்று அவர் எதைச் சொன்னார்?



தலைமை உரைக்காகக் கருத்தரங்கச் செயலர் தொலைபேசியில் கூப்பிட்டபோது, ஏதாவது ஓர் அமர்வுக்கு நெறியாளராக இருந்துகொள்கிறேனே என்றுதான் கெஞ்சினேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் மகளிர் நோய்ப் பிரிவில் இருந்தவள் நான். பிரசவ அறையில் நடுங்காத கை, இந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு இப்போது நடுங்குகிறது. முன்வரிசையில் என் ஆசிரியர் அமர்ந்திருக்கிறார். அவர் திருத்தித் தந்த என் முதல் கட்டுரையில் கறுப்பு மையைவிடச் சிவப்பு மைதான் அதிகம். இன்றைக்கும் அவர் கையில் பேனா இருப்பதைப் பார்க்கிறேன்.

அழைப்பிதழில் தலைப்பு ‘மாதவிடாய் நிறைவு: அறிதலும் அறிகுறிகளைக் கையாளுதலும்’ என்று அச்சாகியிருக்கிறது. இந்த ‘நிறைவு’ பற்றி ஒரு வார்த்தை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கலைச்சொல் கூட்டத்தில் நானும் நண்பர் ஒருவரும் இதற்காகவே அரை நாள் மல்லுக்கட்டினோம். ‘நிறுத்தம்’ என்றால் பேருந்து நிறுத்தம் மாதிரி இருக்கிறது, யாரோ கைகாட்டி நிறுத்தியது போலத் தொனிக்கிறது என்றார் அவர். ‘நிறைவு’ என்றால் மாநாட்டு நிறைவு விழா மாதிரி இருக்கிறது, மாலை போட்டு அனுப்பிவைப்பது போல என்றேன் நான். யார் வென்றார் என்பதற்கு அழைப்பிதழே சாட்சி. நம் நோயாளிகள் எங்கள் இருவரையும் சட்டை செய்யவில்லை. ‘தீட்டு நின்னுபோச்சு டாக்டர்’ என்கிறார்கள், நமக்கும் புரிந்துவிடுகிறது.

தலைப்பின் முதல் பாதியை இந்த அவையில் விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. பன்னிரண்டு மாதம் வராமல் இருந்த பிறகு, திரும்பிப் பார்த்துத்தான் தேதி குறிக்கிறோம். மேலை நாடுகளில் 51 வயதை ஒட்டி நடப்பது நம் பெண்களுக்கு 46, 47-லேயே நடந்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது ஹைப்போதலாமஸில் என்ன குலைகிறது என்பதும், அந்த இடத்தையே குறிவைக்கும் பெஸோலினிடன்ட் மருந்து 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் நீங்கள் அறிந்தவை. இரண்டாம் பாதியான கையாளுதல் பற்றிப் பிற்பகலில் மூன்று கட்டுரைகள் இருக்கின்றன. அவர்கள் பங்கை நான் தின்றுவிடக் கூடாது.

ஆனாலும் 2002-ஐத் தொடாமல் போக மனம் வரவில்லை. அந்த ஜூலையில் அமெரிக்காவின் மகளிர் நல முன்முயற்சி ஆய்வு, 16,608 பெண்கள் பங்கேற்ற தன் கூட்டு ஹார்மோன் பிரிவைப் பாதியில் நிறுத்தியது. மறு வாரமே நம் ஊரில் ஹார்மோன் மருந்துச் சீட்டுகள் கிழிபட்டன. கிழித்தவர்களில் சிலர் இன்று மேடையிலேயே இருக்கிறார்கள், மன்னிக்க வேண்டும். ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களுக்கு எட்டு மார்பகப் புற்றுநோய் கூடுதல் என்பது அந்த ஆய்வின் கணக்கு. அது அற்பமான எண் இல்லை. ஆனால் அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. நம் எதிரே உட்கார்ந்து இரவெல்லாம் தூக்கமில்லை என்று சொன்னவருக்கு 46. பதினேழு வயது வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் நாம் கையை விரித்தோம். பிறகு வந்த விளக்கங்களை நீங்களும் படித்திருப்பீர்கள். கிழித்த சீட்டுகளை யாரும் திரும்ப எழுதித் தந்ததாக எனக்குத் தகவல் இல்லை.

நான் உண்மையில் பேச வந்தது வேறு, இந்த வயதில் திடீரென்று ஏறி இறங்கும் அனலான ஹாட் ஃப்ளஷ் பற்றி. ‘இந்தியப் பெண்ணுக்கு ஹாட் ஃப்ளஷ் கிடையாது, இருந்தாலும் சொற்பம்’ என்ற ஒரு வாக்கியம் நம் பாட வகுப்புகளில் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிவருகிறது. நானும் அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், பெரும்பாலும் மார்ஷா ஃப்ளின்ட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1975-ல் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரையில் போய் நிற்கும். ராஜஸ்தானிலும் இமாசலப் பிரதேசத்திலும் 483 ராஜபுத்திரப் பெண்களிடம் அவர் பேசினார். மாதவிடாய் மாறியது, நின்றது என்பதைத் தவிர அவர்களில் மிகச் சிலரே தொல்லை எதையும் சொன்னார்கள். தீட்டு நின்றபின் முக்காட்டுக் கட்டுப்பாடு தளர்ந்து, ஆண்கள் இருக்கும் கீழ்க்கூடத்துக்கு அவர்கள் இறங்கிவரலாம். மேலை நாட்டில் தண்டனையாக வருவது இங்கே பரிசாக வருகிறது என்பது அவர் வாதம்.

அழகான வாதம். ஃப்ளின்ட் மீது எனக்குக் குறை இல்லை, அவர் கேட்டதை எழுதினார். ஒரு சாதியின் 483 பெண்களை இந்தியா முழுமைக்கும் நீட்டிய நம் பாடநூல்காரர்களிடம்தான் என் வழக்கு. கீழ்க்கூடத்துக்கு இறங்கிவர முடிந்த பெண்ணுக்கு மனம் குளிரும், ஒப்புக்கொள்கிறேன். அதனால் கழுத்தில் வேர்க்காமல் இருக்குமா? முறையிடவில்லை என்பதை வரவில்லை என்று நாம் படித்துவிட்டோம்.

இந்தப் பிழையை வேறிடத்தில் பிடித்திருக்கிறார்கள். ஜப்பானியப் பெண்களுக்கு ஹாட் ஃப்ளஷ் குறைவு என்று மார்கரெட் லாக் 1993-ல் தம் புத்தகத்தில் எழுதினார். ஹாட் ஃப்ளஷைத் தெளிவாகச் சுட்டும் ஒற்றைச் சொல்லே அந்த மொழியில் இல்லை என்பதையும் அவரேதான் கவனித்தார். பின்னர் ஹவாயின் ஹீலோ நகரில் ஒரு குழு, ஜப்பானிய வழியினரான பெண்களையும் ஐரோப்பிய வழியினரான பெண்களையும் ஒப்பிட்டது. அஞ்சலில் அனுப்பிய கேள்வித்தாளில் ஜப்பானிய வழிப் பெண்கள் குறைவாகச் சொன்னார்கள். தோலில் மின்முனை ஒட்டி வியர்வையை அளந்தபோது அந்த வித்தியாசம் தென்படவில்லை. தாளில் இல்லாதது தோலில் இருந்தது.

நம் தாளுக்கு வருகிறேன். இங்கே நாம் பயன்படுத்துவதெல்லாம் மெனோபாஸ் ரேட்டிங் ஸ்கேல் என்ற பதினொரு கேள்வித் தாளோ, கிரீன் அளவுகோல் என்ற இருபத்தொரு கேள்வித் தாளோதான். என் மாணவிகள் எடுத்துவரும் தமிழ்ப் படிவங்களில் ஹாட் ஃப்ளஷ் என்ற இடத்தில் ‘உடல் சூடு உண்டா?’ என்று இருக்கும். இந்தக் கேள்விதான் என் எதிரி. நாற்பது வயது தாண்டிய எந்தத் தமிழ்ப் பெண் உடம்பில் சூடு இல்லை என்பாள்? வாய்ப்புண் வந்தால் சூடு. கண் எரிந்தால் சூடு. சிறுநீர் கடுத்தால் சூடு. மாம்பழம் அதிகம் தின்றால் சூடு, பப்பாளிக்கும் சூடு, வெயிலில் அலைந்தால் சூடு, இரவு கண் விழித்தால் சூடு. மோர் குடித்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, வெந்தயம் ஊறவைத்து விழுங்கி அவள் காலமெல்லாம் போராடிவருவது இதே சூட்டோடுதான். அவள் ‘ஆமாம்’ என்றால் எதற்கு ஆமாம் என்று தெரியாது. ‘அது எப்பவும் இருக்கிறதுதானே, புதுசா ஒண்ணுமில்லை’ என்று நினைத்து ‘இல்லை’ என்றால், அந்த ‘இல்லை’ நம் ஆய்வேட்டில் ஏறி, ஃப்ளின்ட்டுக்கு இன்னொரு சாட்சியாகிவிடும்.

ஒரு புறநோயாளிச் சீட்டைப் பற்றிச் சொல்கிறேன். நான் பணியில் சேர்ந்து நாலைந்து வருடம் ஆன சமயம். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற ஒரு பெண் வந்தார், நாற்பத்தைந்து வயதிருக்கும். ‘குப்புன்னு வருது டாக்டரம்மா, நெஞ்சுலேர்ந்து மேல ஏறி மூஞ்சியெல்லாம் அனல் அடிக்குது, தொப்பலா நனைஞ்சு போயிடறேன், அப்புறம் ஒரே குளிரு’ என்றார். அடுப்படி வேலைதானே, அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் விடவில்லை. ‘அடுப்புச் சூடு எனக்குத் தெரியாதாம்மா? அது வெளியேருந்து உள்ள வரும். இது உள்ளேருந்து வெளிய வருது’ என்றார். வரிசையில் இன்னும் எண்பது பேர் நின்றிருந்தார்கள். ‘ஜெனரலைஸ்டு வீக்னெஸ்’ என்று எழுதி, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுத்து அனுப்பினேன்.

எங்கே தொடங்குகிறது, எந்தத் திசையில் ஏறுகிறது, எப்படி முடிகிறது, வெளிச்சூட்டிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எல்லாவற்றையும் அவர் சொல்லிவிட்டார். எந்தப் பாடநூலும் அதைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை. எழுதத் தெரியாதவள் நான்தான்.

அவருடைய முதல் சொல்லைக் கவனியுங்கள். ‘குப்புன்னு’. இதைத்தான் நம் படிவங்கள் முதலில் வெட்டி எறிகின்றன, பேச்சு வழக்கு, அறிவியலுக்கு ஆகாது என்று. ஆனால் காலக்கணக்கு முழுவதும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. குப்பென்று வருவது ஒரே வீச்சில் ஏறி, சில நிமிடத்தில் இறங்கிவிடும். ‘திகுதிகுன்னு எரியுது’ என்றால் விடாமல் எரிகிறது. இரட்டித்தாலே தொடர்ச்சிதான் என்பது எனக்கு ஒரு தமிழாசிரியர் சொல்லித்தந்தது. ‘காந்துது’ என்று ஒரு பெண் சொன்னால் எங்கே என்று கேளுங்கள். உள்ளங்காலும் உள்ளங்கையும் என்றால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். ‘ராத்திரி வேர்க்குது’ என்று மட்டும் சொன்னால் இருமலும் எடைக்குறைவும் உண்டா என்று கேட்டுச் சளிப் பரிசோதனைக்கும் எழுதுங்கள், காசநோய் இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை. ‘படபடன்னு அடிச்சுக்குது’ என்றால் தைராய்டையும் பாருங்கள். இந்த ஐந்தாறு சொற்களும் ‘உடல் சூடு’ என்ற ஒரே கட்டத்துக்குள் போய் விழுந்துவிடுகின்றன.

ஆசிரியர் தலையசைக்கிறார், ஆமோதிப்பா மறுப்பா என்று தெரியவில்லை. அவருடைய ஆட்சேபம் எனக்குத் தெரியும், பழைய கதைதான். கோவையில் ஒரு சொல், நெல்லையில் ஒரு சொல் என்று போனால் படிவத்தை எப்படித் தரப்படுத்துவது, மற்ற நாட்டு எண்களோடு எப்படி ஒப்பிடுவது என்பார். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: எல்லா ஊரிலும் செல்லும் ஒரு தவறான சொல்லைக் கொண்டு ஒப்பிடக்கூடிய எண்ணை வாங்குவதைவிட, ஊருக்கு நாலு சரியான சொல்லை வைத்துக்கொண்டு கேட்கலாம். கேட்பவர் செவிலியராக இருந்தால் அவரே மாற்றிக்கொள்வார். நாம் அவருக்கு அனுமதி தர வேண்டும், அவ்வளவே.

சொல் பிழைத்தால் மருந்தும் பிழைக்கிறது. ‘ஒண்ணுக்குப் போனா எரியுது, சூடு பிடிச்சிருச்சு’ என்று மாதம் ஒருமுறை வருகிற ஐம்பது வயதுப் பெண்ணை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் நுண்ணுயிர்க்கொல்லி. வளர்ப்புச் சோதனையில் கிருமி இல்லை என்று வந்தாலும் நுண்ணுயிர்க்கொல்லி. பிறப்புறுப்பு வறட்சியும் சிறுநீர்த் தொல்லையும் ஒன்றோடொன்று பின்னியவை என்று 2014-ல் அதற்குப் புதுப் பெயரே வைத்தார்கள். அந்த இடத்தில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு நம்மிடம் இருக்கிறது. வறட்சி என்ற சொல்லை எந்தப் பெண்ணும் நம்மிடம் சொல்லப் போவதில்லை. கணவரோடு சேர்ந்திருக்கும்போது வலிக்கிறதா என்று கேட்க நமக்கும் வாய் வருவதில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ‘கர்ப்பப்பை எடுத்தாச்சு’ என்று சொல்பவர்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் இதைச் சொன்னார்கள். பக்கத்து ஆந்திரமும் தெலங்கானாவும் முன்வரிசையில். சினைப்பையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டால் பலருக்குத் தெரியாது, சீட்டும் இருக்காது. நம் ஆய்வுகள் என்ன செய்கின்றன? மாதவிடாய் எப்போது நின்றது என்று தேதி குறிக்க முடியாததால், இவர்களை முதல் பக்கத்திலேயே விலக்கிவிடுகின்றன. சினைப்பை மிஞ்சியிருந்தால் அது எப்போது ஓய்ந்தது என்று காட்ட இவர்களுக்கு மாதவிடாய் இல்லை. இருக்கிற ஒரே கடிகாரம் அந்தக் ‘குப்பு’தான். அதைக் கேட்கத் தெரியாத படிவத்தோடு போனால், முப்பத்தெட்டு வயதில் எலும்பு கரையத் தொடங்கிய பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வருவோம்.

என் சொந்த அனுபவத்தைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. மாதிரி அளவு ஒன்று என்று ஆசிரியர் சிவப்பு மையில் எழுதிவிடுவார்.

நேரமாகிவிட்டது என்று செயலர் சீட்டு அனுப்பியிருக்கிறார், இது இரண்டாவது. ஒன்றே ஒன்று. உங்கள் பைகளில் பிற்பகல் பயிலரங்குக்கான படிவம் வைத்திருக்கிறார்கள். காலையில் பிரித்துப் பார்த்தேன். முதல் கேள்வி: ‘உடல் சூடு உண்டா? ஆம் / இல்லை’. தேநீர் இடைவேளையில் அதைப் பேனாவால் அடித்துவிட்டு, உங்கள் ஊர்ப் பெண்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்திலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். செயலர் கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.