பென்சில் கோட்டில் ஓடும் மின்சாரம்

(தோட்ட வாசிகசாலையில் பெற்றோருக்கும் மாணவருக்கும் நடந்த ஞாயிறு கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேசையில் இருப்பதைக் கொஞ்சம் பாருங்க. ஒரு வெள்ளைக் கடதாசி. அதில் 6பி பென்சிலால் பல தடவை தேய்த்துத் தடிப்பாக ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோட்டின் ஒரு பக்கத்தில் 9 வோல்ட் பற்றரியின் வயர், மறு பக்கத்தில் சின்ன எல்.ஈ.டி. விளக்கு. விளக்கு மங்கலாக எரிகிறது. பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால் எழும்பி முன்னால வாங்க. இரண்டு முனைகளையும் கிட்டக் கொண்டுவந்தால் வெளிச்சம் கூடுகிறது. இப்போது அழிறப்பரால் கோட்டின் நடுவில் அழித்துவிட்டேன். அணைந்து போச்சு.

பிள்ளைகள் இதை வீட்டில் செய்து பார்க்கலாம். ஆனால் பற்றரியோடு மட்டும்தான். சுவர்ப் பிளக்கில் வருகிற கரண்டோடு இந்த விளையாட்டு வேண்டாம். அது உயிரைக் குடிக்கும்.

மின்சாரத்தைக் கடத்தியது கடதாசி இல்லை, அதில் ஒட்டியிருக்கும் காரீயம். பென்சில் குச்சி என்பது காரீயமும் களிமண்ணும் சேர்ந்தது. காரீயம் என்பது காபன்; அடுப்புக்கரியில் இருப்பதும் காபன்தான், அணுக்களின் அடுக்கு மட்டும் வேறு. கேகாலைப் பக்கம் போகலச் சுரங்கத்திலும் குருநாகல் பக்கம் கஹட்டகஹச் சுரங்கத்திலும் நம்ம நாட்டிலேயே அதை வெட்டி எடுக்கிறார்கள். உலகத்திலேயே சுத்தமான காரீயங்களில் ஒன்று அது.

கோடு போட்டால் அழிந்துவிடும். அப்படியானால் காபனைக் கடதாசிக்கு மேலே பூசாமல், கடதாசியின் நாருக்குள்ளேயே பின்னிவிட முடியாதா? விஞ்ஞானிகள் கையில் எடுத்த கேள்வி இதுதான்.

அவர்கள் பயன்படுத்துகிற காபன் பென்சில் குச்சி இல்லை. 1991இல் யப்பானில் சுமியோ ஈஜிமா என்பவர் காபன் அணுக்களாலான மிக மெல்லிய குழாய்களை உலகத்துக்குக் காட்டினார். நனோ குழாய் என்று பெயர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். மிக மெல்லிய குழாயின் தடிப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். நீளமோ தடிப்பைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேலே போகும். 2004இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம், கொன்ஸ்டன்டின் நொவொசெலொவ் இருவரும் காரீயத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து உரித்து, ஓர் அணு தடிப்பான தாளைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குக் கிரஃபீன் என்று பெயர். 2010இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. ஒட்டுநாடாவால் நோபல் பரிசா என்று சிரிக்காதீங்க, உண்மைதான்.

இனித்தான் வில்லங்கம். சிமினி விளக்குக் கரியைத் தண்ணீரில் போட்டுப் பார்த்திருப்பீங்க. கரையாது, கட்டியாகி மிதக்கும். நனோ குழாயும் அப்படித்தான். ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு கயிறு மாதிரி முறுக்கிக் கொள்ளும். சவர்க்காரம் மாதிரியான பொருள் போட்டால் பிரியும். ஆனால் காய்ந்த பிறகு அந்தப் பொருள் குழாய்களுக்கு நடுவில் தங்கி, மின்சாரத்துக்குக் குறுக்கே நிற்கும்.

இதற்கு வழிகாட்டியது செடியின் நார். தேயிலைத் தண்டு, மானாப்புல், வாழைமட்டை, நாம் உடுத்தும் பருத்தித் துணி, எல்லாவற்றிலும் இருக்கிறது செலுலோசு. கண்ணுக்குத் தெரியும் ஒரு மரநாருக்குள் அதைவிட மெல்லிய நார்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கயிற்றுக்குள் புரி, புரிக்குள் நூல் இருக்கிற மாதிரி. ஒவ்வொன்றும் 3 நனோமீற்றர் அளவு தடிப்பு. அவற்றைப் பிரிப்பதுதான் கஷ்டம். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா இசோகாய், ட்சுகுயுகி சைற்றோ ஆகியோர் ஓர் இரசாயன முறையைக் கண்டார்கள். அதனால் ஒவ்வொரு நாரின் மேற்பரப்பிலும் எதிர் மின்னேற்றம் வருகிறது. ஒரே மாதிரி ஏற்றம் ஒன்றையொன்று தள்ளும் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோமே, அதேதான். நார்கள் தாமாகத் தள்ளிக்கொள்வதால், தண்ணீரில் போட்டுப் பலமாகக் கலக்கினால் பிரிந்துவிடும். தெளிந்த கஞ்சி மாதிரி ஒரு கூழ் கிடைக்கும். இந்த வேலைக்காக, பிரான்சில் இருக்கும் யொஷிஹாரு நிஷியாமாவோடு சேர்த்து அவர்களுக்கு 2015இல் மார்க்கஸ் வாலன்பேர்க் பரிசு கொடுத்தார்கள்.

இந்தக் கூழில் நனோ குழாய்த் தூளைப் போட்டு, காதுக்குக் கேட்காத வேகமான ஒலி அலையால் அதிர வைக்கிறார்கள். கட்டிகள் உடையும். உடைந்த குழாயோடு நார் போய் ஒட்டிக் கொள்ளும். நாரில் இருக்கும் மின்னேற்றம் குழாய்களைத் திரும்பவும் கட்டியாக விடாமல் பிரித்து வைக்கும். சவர்க்காரம் வேண்டாம், வேறு பசை வேண்டாம். பிறகு நுண்ணிய வடிகட்டியில் ஊற்றிக் கீழிருந்து உறிஞ்சினால் தண்ணீர் போய்விடும். தட்டில் ஊற்றிக் காய விட்டாலும் சரி. காயும்போது நாரும் நாரும் தாமே இறுகி, கறுத்த மெல்லிய தாள் ஒன்று மிஞ்சும். மடிக்கலாம், சுருட்டலாம். அதற்குள் மின்சாரம் ஓடும்.

குழாய் நிறையப் போட வேண்டியதும் இல்லை. பிரட்டுக்களத்தில் பத்துப்பேர் தூரத்தூர நின்றால் கைகோர்க்க முடியாது. ஆளுக்கொரு நீளக் கம்பைக் கொடுத்தால் அதே பத்துப்பேர் ஒருவரையொருவர் தொட்டுவிடலாம். குழாய் நீளமானது, அதனால் கொஞ்சமே போதும்.

இதனால் வீட்டுக்கு வயரிங் செய்யலாமா என்றால், முடியாது. செம்புக் கம்பியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவாகத்தான் இந்தத் தாள் மின்சாரம் கடத்தும். பத்திரிகைகளில் கடதாசி செம்பை வென்றுவிட்ட மாதிரி எழுதுகிறார்கள், நம்ப வேண்டாம். மெல்லிய பற்றரிக்குள் வைக்கும் தகடு, சூடாகும் துணி, உடம்பின் அசைவை அறியும் கருவி, இவற்றுக்குத்தான் இது பொருத்தம். 2009இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் யீ சுயி என்பவரின் குழு, சாதாரணக் கடதாசியில் நனோ குழாய் மையைப் பூசி, அதை மின்சாரம் சேமிக்கும் தாளாக்கிக் காட்டியது. கசக்கினாலும் வேலை செய்தது. ஈரம்தான் இந்த வகைத் தாள்களுக்குப் பகை. ஈரக்காற்றில் நார் ஊதும், குழாய்கள் விலகும், மின்தடை கூடும். நம்ம மலைப் பனியில் வைத்தால் பூச்சு போடாமல் தாங்காது. அந்தக் குணத்தையே வைத்து ஈரத்தை அளக்கும் கருவியும் செய்கிறார்கள், அது வேறு கதை.

ஸ்டோரில் வேலை செய்யும் ஓர் அண்ணன் கூட்டத்துக்கு முன்னமே கேட்டார், "சேர், இந்தத் தூளை மூச்சோட இழுத்தா என்னாகும்?" என்று. தூசிக்குள் நின்று இருமியவருக்குத்தான் இந்தக் கேள்வி முதலில் வரும்.

ஆபத்து உண்டு. 2008இல் ஸ்கொட்லாந்தில் எடின்பரோ விஞ்ஞானிகள் எலிகளில் பரிசோதித்து, நீளமான நனோ குழாய்கள் உடம்புக்குள் அஸ்பெஸ்டஸ் நாரைப் போலவே கேடு செய்யக்கூடும் என்று காட்டினார்கள். 2014இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் ஒருவகைக் குழாயை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. 2013இல் அமெரிக்காவின் தொழில் சுகாதார நிறுவனம் வேலைத்தளக் காற்றுக்கு ஓர் எல்லை சொன்னது: ஒரு கனமீற்றர் காற்றில் 1 மைக்ரோகிராம். ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு! அந்தளவு கொஞ்சம்.

ஆக, பயப்பட வேண்டியது உலர்ந்த தூளுக்கு. மூட்டையைப் பிரிக்கும்போதும் நிறுக்கும்போதும்தான் அது பறக்கும். தண்ணீரில் கலந்த பிறகு பறக்காது. காய்ந்த தாளிலும் நார் அதைப் பிடித்து வைத்திருக்கும். அராவினால், உரசினால், எரித்தால் திரும்பவும் கவலைதான். இப்படி ஒரு தொழிற்சாலை எங்கள் பிள்ளைகளை வேலைக்குக் கூப்பிட்டால், சம்பளத்தைக் கேட்கும்போதே "தூளை யார் கலக்கிறது, மூடின பெட்டிக்குள்ளயா, முகமூடி என்ன வகை?" என்று கேளுங்க. துணி கட்டிக்கொள்வது போதாது.

அஸ்பெஸ்டஸ் என்றதும் நம்ம கூரை ஞாபகம் வந்திருக்கும். 2018இலிருந்து அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசாங்கம் நினைத்திருந்தது. 2017 டிசம்பரில் அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா, நம்ம தேயிலையில் வண்டு கண்டதாகச் சொல்லி இறக்குமதியை நிறுத்தியது. கட்டுப்பாடு தள்ளிப்போனது, தேயிலையும் திரும்பப் போனது. கொழுந்து பறிக்கிற கைக்கும் கூரைத் தகட்டுக்கும் இப்படியும் ஒரு முடிச்சு. தகட்டை உலர்வாக வெட்டவோ உடைக்கவோ வேண்டாம். கட்டாயம் தொட வேண்டி வந்தால் முதலில் தண்ணீரால் நனைத்துக் கொள்ளுங்க.

கடைசியாக ஓர் அம்மா கேட்டது: இதையெல்லாம் படிக்கப் பிள்ளை என்ன பாடம் எடுக்கணும்? உயர்தரத்தில் இரசாயனவியல் வருகிற விஞ்ஞானப் பிரிவுதான் நேர்வழி. 2013இலிருந்து தொழினுட்பப் பிரிவும் இருக்கிறது. 2008இல் தொடங்கி, இப்போது ஹோமாகமையில் இருக்கும் இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனத்தில் நம்ம காரீயத்திலிருந்து கிரஃபீன் எடுக்கும் வேலையும் நடந்திருக்கிறது. பல தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானம் இல்லை. ஆகவே சாதாரணதரப் பெறுபேறு வரும்வரை காத்திராமல், பத்தாம் வகுப்பிலேயே எந்தப் பாடசாலையில் அந்தப் பிரிவு உண்டு, தங்கிப் படிக்க இடம் உண்டா என்று அதிபரிடம் விசாரித்து வைங்க. பற்றரியும் விளக்கும் வாசிகசாலையிலேயே இருக்கும். பென்சில் மட்டும் நீங்கள் கொண்டு வரணும்.