வாசனையா இருந்தா சுத்தம்னு நினைச்சேன்

எங்க வீட்டு ஹாம்ஸ்டர் 'கடலை' தும்ம ஆரம்பிச்சா. முதுகில் முடியும் கொட்டுச்சு. ஆபீஸில் அலர்ட் வந்தா அஞ்சு நிமிஷத்தில் லாகைத் திறக்கிறவன், இதை 10 நாள் கண்டுக்கல.

கூண்டில் நான் போட்டிருந்தது பைன் மரச்சீவல். பைன், சீடர் மரங்களில் வாசனை தர்ற பொருள்களே அதோட மூச்சுக்குழாயையும் தோலையும் உறுத்தும். போதாததுக்குத் தண்ணியில் குளிப்பாட்டினேன். அதில் முடியோட இயற்கை எண்ணெய் போயிடும், உடம்பும் சட்டுனு குளிர்ந்துடும்.

டாக்டரைப் பார்த்த பிறகு மாத்தினது இதுதான்: வாசனை சேர்க்காத காகிதத் துகள், தோண்டி விளையாட குறைஞ்சது 15 செ.மீ. ஆழம். மூலையில் ஒரு கிண்ணம் தூசியில்லாத மணல். அதில் புரண்டு பிசுக்கைத் தானே எடுத்துக்கும். பவுடர் மாதிரி நைஸா இருக்கிறது வேண்டாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரம் பட்டா கட்டியாகிற பூனை லிட்டரும் கூடாது. விழுங்கினா குடல் அடைக்கும்.

இப்போ தும்மல் இல்லை, முடியும் வளருது. பேசத் தெரியாத ஜீவன் தும்மித்தான் சொல்லும். உங்க வீட்டில் கேட்டா, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டுடாதீங்க.