கரணமும் பதிவும்



மக்களிடையே வஞ்சமும் வாக்குத் தவறுதலும் தலையெடுத்த பின்னரே மணச்சடங்குகள் வகுக்கப்பட்டன என்னுங் கருத்துத் தொல்காப்பியத்துள் உளது. கைப்பிடித்தவளை அறியேன் என்று மறுப்பவன் ஒருவன் தோன்றவே, ஊரறியச் செய்யுங் கரணம் வேண்டப்பட்டது. அன்று ஊரே சாட்சி. ஆயின், சாட்சிகள் மூப்பெய்தி மறைவர், ஊருங் கலையும். அப்போது அக்கரணம் நடந்தது என்பதை நிலைநாட்டுவது யாது? துணையை இழந்து தனித்து நிற்பவரின் சொத்துரிமை இவ்வினாவிலேயே தங்கியிருக்கின்றது. ஊவாத் தோட்டங்களின் நிலையைக் கொண்டு அதனை இன்று ஆராய்வோம்.

இலங்கையில் உரிமைவழிச் சட்டம் எல்லார்க்கும் ஒன்றன்று. வடபுலத் தமிழர்க்குத் தேசவழமையும், முஸ்லிம்களுக்கு இஸ்லாமியச் சட்டமும், கண்டியச் சிங்களவர்க்குக் கண்டியச் சட்டமும் உள. மலையகத் தமிழரோ பொதுச் சட்டத்தின்பாற் பட்டவர். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், உரிமைவழிக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒருவர் மரணசாதனம் எழுதாது இறப்பின், அவர்தம் சொத்திற் பாதி உயிரோடிருக்கும் துணையைச் சேரும். கணவனாயினும் மனைவியாயினும் இவ்விதி ஒன்றே.

இனி, அத்துணை யார் என்பதே சிக்கல். கண்டிய விவாகச் சட்டத்தின் கீழ்ச் செய்யப்படும் மணம், 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டப்படி, பதிவின்றிச் செல்லாது. நமக்கு அவ்வாறன்று. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டம் பதிவை மணத்துக்கு மிகச் சிறந்த சான்றாகக் கொள்கின்றதேயன்றி, வழக்கப்படி நடந்த மணத்தைப் பதிவில்லாமை ஒன்றனாலேயே தள்ளிவிடுவதில்லை. ஆரோனகரி – செம்பெக்குட்டி எனச் சட்ட ஏடுகள் குறிக்கும் இலங்கைத் தமிழர் வழக்கொன்றில், 1881ஆம் ஆண்டு இலண்டன் கோமறைக் கழகம் ஒரு நெறியை வகுத்தது. ஆணும் பெண்ணும் கணவன் மனைவியராய் வாழ்ந்தமை நிறுவப்படின், மாறானது தெளிவாக நிறுவப்படும் வரை, முறையான மணத்தின் பயனாகவே அவ்வாறு வாழ்ந்தனர் எனச் சட்டம் ஊகிக்கும் என்பதே அந்நெறி.

இஃது ஆறுதலளிப்பதே. எனினும், ஊகம் உடையக் கூடியது. ஓர் எடுத்துக்காட்டைக் கருதுக. தொழிலாளி ஒருவன் தோட்டத்து அம்மன் கோயிலில் ஒருத்திக்குத் தாலி கட்டினான், பதியவில்லை. சில ஆண்டுகளிற் பிணக்கு நேர, தலைவர் முன்னிலையிற் ‘தீர்த்துவிட்டு’, வேறொரு தோட்டத்துப் பெண்ணைப் பதிவாளர் முன் மணந்தான். அவன் இறந்தபின் இருவர் வந்து நிற்கின்றனர். முதலாமவள் தன் கரணத்தை நிறுவிவிடின், இரண்டாமவளின் பதிவு பயனற்றதாகும். ஏனெனில், முன்னைய மணம் சட்டப்படி நீங்காதிருக்கப் பின்னைய மணம் செல்லாது; தலைவர் தீர்த்தது மாவட்ட நீதிமன்றின் விவாகரத்து ஆகாது. முதலாமவளால் நிறுவ முடியாவிடின், அவள் வெறுங்கையோடு திரும்புவாள். எவ்வழியாயினும் குற்றமற்ற பெண்ணொருத்தி வீதியில் நிற்கின்றாள்.

முறை மாறி, முதல் மணம் பதியப்பட்டு இரண்டாவது தாலியளவில் நின்றிருப்பினும் துன்பம் குறைவன்று. முப்பதாண்டு உடன் வாழ்ந்திருப்பினும் இரண்டாமவள் சட்டத்தின் கண்ணில் மனைவியாகாள். அவள் பிள்ளைகள் தாயின் சொத்துக்கு உரியவரேயன்றி, மரணசாதனமின்றி இறந்த தந்தையின் சொத்துக்கு உரியவராகார்.

தோட்டத்தவருக்குச் சொத்தேது என வினவலாம். ஊழியர் சேமலாப நிதியும், பணிக்கொடையும், சிறிது நகையும், மாடும், அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் நிலமும் உள. சிறிது என்பதனாலேயே அதனை இழத்தல் பெரிது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் குடும்பங்கள் கடலுக்கு இருபுறமும் பிரிந்தன. அதனாற் சாட்சிகளும் பிரிந்தனர். 2014 அக்டோபர் 29ஆந் திகதி மீரியபெத்தவில் மண்சரிவு லயங்களை மக்களோடு மூடியது. அத்தகைய நாளில், தாலி கட்டிய கோயிலும் கண்ட அயலாரும் பெட்டியிலிருந்த பத்திரமும் ஒருங்கே அழியக் கூடும். பதிவாளரின் ஏடோ வேறிடத்திற் கிடக்கும், அதன் பிரதியை மீண்டும் பெறலாம்.

பாடசாலைச் சேர்வின்போது பிறப்புச் சான்றிதழ்களை நான் பார்ப்பதுண்டு. பெற்றோர் விவாகஞ் செய்தவரா என்னுங் கூற்றுக்கு எதிரே ‘இல்லை’ என்றிருக்கும். கொண்டுவந்த தாயின் கழுத்திலோ தாலி இருக்கும். தாலியும் பொய்யன்று, சான்றிதழும் பொய்யன்று. இரண்டும் ஒன்றையொன்று அறியாதிருப்பதே குறை.

தமிழகமும் இச்சிக்கலைக் கண்டதுண்டு. சடங்கின்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாவென 1950-களில் நீதிமன்றம் தீர்த்தது. 1967ஆம் ஆண்டு அண்ணாதுரை அரசு திருத்தச் சட்டம் இயற்றி, முன் நடந்தவற்றையும் செல்லத்தக்கனவாக்கியது. அங்குச் சட்டம் மக்களிடம் வந்தது. இங்கு நாம் சட்டத்திடஞ் செல்லுதல் எளிது.

ஆகவே, தாலி கட்டியவர்கள் காலங்கடந்தேனும் பதிவு செய்க. பிரிய நேரின் நீதிமன்றின் வழியே பிரிக. சேமலாப நிதியிற் பின்னுரித்தாளராக யார் பெயர் உளது என்று பார்த்துத் திருத்துக. வஞ்சத்துக்கு அஞ்சி முன்னோர் வகுத்தது கரணம். மறதிக்கும் மரணத்துக்கும் அஞ்சி நாம் வகுத்துக்கொண்டது பதிவு. இரண்டும் ஒரே அறத்தின் இரு கைகள்.