சிப்பாயின் காகிதங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் தொழில் தொடங்குவது பற்றி அருமையாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். இங்கே பி.ஏ. வரலாறு முடித்து, ராணுவத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். துப்பாக்கி பிடித்ததைவிட டைப்ரைட்டர் தட்டியதுதான் அதிகம். அதனால் வீரக் கதை எதையும் எதிர்பார்க்காதீர்கள். காகிதத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம்ம வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எல்லையில் இறந்தவன் உடல் வந்தால் ஊரே திரளுகிறது, மந்திரி வருகிறார், மாலை விழுகிறது. உயிரோடு, ஆனால் பழைய ஆளாக இல்லாமல் பஸ் ஏறி வந்து இறங்குகிறவனை யாரும் கவனிப்பதில்லை.

ஒருவரை உடல் தகுதியில்லை என்று ராணுவத்திலிருந்து அனுப்பும்போது மெடிக்கல் போர்டு உட்காரும். டாக்டர்கள் முக்கியமாக இரண்டு விஷயம் எழுதுவார்கள். ஊனம் எத்தனை சதவீதம்? அது பணியால் வந்ததா, அல்லது பணியால் அதிகமானதா? குண்டு பாய்ந்து கால் போனவருக்கு இரண்டாவது கேள்வியில் சிக்கல் இல்லை. காது மந்தமானவர், முதுகு போனவர், வலிப்பு வந்தவர், மனசு கலங்கினவர், இவர்களுக்குத்தான் சிக்கல். "பணியால் ஏற்பட்டதும் அல்ல, அதிகமானதும் அல்ல" என்று ஒரே ஒரு வரி. அந்த வரி விழுந்தால் ஊனமுற்றோர் பென்ஷன் கிடையாது.

அதோடு போனால் பரவாயில்லை. 2003 ஏப்ரலில் முன்னாள் படைவீரர்களுக்காக இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம் வந்தது. பாலிகிளினிக்கில் காட்டி, அவர்கள் எழுதிக் கொடுத்தால் தனியார் ஆஸ்பத்திரியிலும் பணம் கட்டாமல் வைத்தியம் பார்க்கலாம். நல்ல திட்டம்தான். பில் பணம் தாமதமாக வருகிறது என்று ஆஸ்பத்திரிகள் முகம் சுளிப்பது தனிக் கதை. ஆனால் அதில் சேர ஏதாவது ஒரு பென்ஷன் வாங்க வேண்டும். சிப்பாய்க்குச் சாதாரண பென்ஷன் வர 15 வருஷம் பணி வேண்டும். 8 வருஷத்தில் நோயாளி என்று அனுப்பப்பட்டவருக்கு அந்த ஒரு வரியால் பென்ஷனும் போச்சு, வைத்தியமும் போச்சு. நோய்க்காக வெளியே அனுப்பியவருக்கே அந்த நோய்க்கு வைத்தியம் இல்லை! (10 வருஷத்துக்குக் குறைவானவர்களுக்கும் இன்வேலிட் பென்ஷன் உண்டு என்று 2020-ல் உத்தரவு வந்தது. அதுவும் 2019 ஜனவரி 4 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் இருந்தவர்களுக்கு மட்டும்.)

எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பீரங்கிப் படையில் இருந்தவர். 1998-ல் காது கேட்கவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பீரங்கிப் பக்கத்தில் நின்றவருக்குக் காது போனது உடலமைப்புக் கோளாறாம், பணிக்குச் சம்பந்தமில்லையாம்! என்னிடம் வந்தபோது காகிதத்தையெல்லாம் ஒரு துணிக்கடைப் பையில் சுற்றி வைத்திருந்தார். எல்லாம் இங்கிலீஷ். அந்த வரியைக் காட்டி, "இதுல மிலிட்டரி சர்வீஸ்னு போட்டிருக்கே சார், இது நமக்குச் சாதகம்தானே?" என்று கேட்டார். பதினாறு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். காது கேட்காதவருக்கு நான் அதைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. சேரும்போது உடம்பைச் சோதித்துத்தானே எடுக்கிறார்கள்? அப்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், நல்ல உடம்போடு சேர்ந்தவர் என்றே கொள்ள வேண்டும். பணிக்குச் சம்பந்தமில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுக்குத்தான். சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கு. இது 1982 விதிகளிலேயே உள்ளது. தரம்வீர் சிங் என்ற சிக்னல்ஸ் படைச் சிப்பாய் 1985-ல் சேர்ந்து 1994-ல் வலிப்பு நோய் என்று அனுப்பப்பட்டார். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளை எடுத்துக்காட்டி அவருக்குப் பென்ஷன் கொடுக்கச் சொன்னது. பத்தொன்பது வருஷம்! அதன் பிறகும் இதே மாதிரி வழக்குகளில் அரசு மேல்முறையீடு செய்துகொண்டே இருந்தது. 2015-ல் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைத்த நிபுணர் குழுவே இதைக் குறை சொன்னது.

சதவீதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பணியால் 100 சதவீத ஊனம் என்றால், ஊனத்துக்கான பங்கு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். 20 சதவீத ஊனத்துக்கு வெறும் 6 சதவீதம். ஆனால் 50-க்குக் குறைவானதை 50 ஆகவும், அதற்கு மேல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதையும் தாண்டினால் 100 ஆகவும் கணக்கிடும் முறை வந்தது. 40,000 ரூபாய் சம்பளம் வாங்கினவருக்கு 2,400 என்பது 6,000 ஆகிறது. முதலில் இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கேட்காதவர்களுக்கு அது தானாக வீடு தேடி வரவில்லை.

நம்ம பீரங்கிக்காரர் 2014-ல் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டார். 2016-ல் உத்தரவு வந்தது. ஆனால் பாக்கித் தொகை மனுப் போட்டதற்கு முந்தைய 3 வருஷத்துக்குத்தான். 2008-லேயே உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு அது. அதற்கு முந்தைய 13 வருஷப் பணம் போனது போனதுதான். இப்போது இ.சி.எச்.எஸ்.ஸில் கொடுத்த மிஷின் காதில் இருக்கிறது. பேரப்பிள்ளை கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

மாணவர்களே, உங்களில் சிலர் அக்னிவீர் ஆள்சேர்ப்புக்கு விடியற்காலையில் மைதானத்தில் ஓடுவதைப் பார்க்கிறேன். ஓடுங்கள், நல்லது. வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்து சேருங்கள். 2022-ல் வந்த அந்தத் திட்டத்தில், பணியால் ஊனம் ஏற்பட்டால் அதன் அளவுப்படி 44, 25 அல்லது 15 லட்சம் ஒரே தடவையாகத் தருகிறார்கள். மீதிக் காலச் சம்பளமும் உண்டு. மாதப் பென்ஷன் இல்லை, இ.சி.எச்.எஸ். இல்லை. அதற்கும் "பணியால்" என்ற அதே வரி விழ வேண்டும். பயிற்சியில் விழுந்தாலும், காதில் இரைச்சல் கேட்டாலும் அன்றைக்கே ரிப்போர்ட் பண்ணுங்க. நகல் வாங்கி வீட்டுக்கு அனுப்புங்க. வெளிக்காட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது பரேடுக்குச் சரி. மெடிக்கல் போர்டு பார்ப்பது காகிதத்தைத்தான். 2023 செப்டம்பர் 21 முதல் வெளியேறுகிறவர்களுக்குப் புது விதிகள் வேறு வந்திருக்கின்றன. பழைய தீர்ப்பை மட்டும் நம்பி இருக்க முடியாது.

சங்கத்திடம் நான் நன்கொடை கேட்கவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு வகுப்பறை, இங்கிலீஷ் படித்துச் சொல்லக்கூடிய நாலு மாணவர்கள், ஒரு ஜெராக்ஸ் மிஷின். நம் பழைய மாணவர்களில் வக்கீல்கள் மூன்று பேர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். முதல்வர் ஐயாவும் தலையசைத்திருக்கிறார், அது எல்லோரும் பார்த்ததுதான்.

உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், மெடிக்கல் போர்டு காகிதம், ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து வந்த கடிதங்கள், எது இருக்கிறதோ எடுத்து வரட்டும். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. ஒன்றுமே இல்லையென்றால் படை எண் மட்டும் போதும், அது எந்தச் சிப்பாய்க்கும் மறக்காது.