பலகையும் விதித்தாளும்



மெசபட்டோமியாவில் ‘ஊர்’ என்றொரு பழநகர். பெயரொப்புமை கண்டு நாம் உரிமை கொண்டாட வேண்டா. அங்குள்ள அரச கல்லறைகளில் 1920களில் லெனார்ட் வுல்லி கண்டெடுத்த ஆட்டப்பலகைகள் ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழமையுடையன. மரம் மட்கிவிட்டது, சிப்பியும் நீலக்கல்லும் எஞ்சின. ஆடும் முறையோ பலகையில் இல்லை. பரிபாடலுக்குச் சொல் எஞ்சி இசை போனதை அறிந்த அவை இது. கி.மு. 177இல் பாபிலோனிய எழுத்தர் ஒருவர் களிமண் ஏட்டில் பொறித்த விதிகள், பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ நூறாண்டு கிடந்து, 1980களில் இர்விங் ஃபிங்கல் படித்த பின்னரே புலனாயின; அவையும் பிற்கால வழக்கே.

இன்று ஆட்டப்பெட்டி சேர்ப்போர் அட்டையை அமிலமற்ற தாளில் பொதிகின்றனர். ஈரமும் வெயிலும் அணுகாது காக்கின்றனர். மெல்லிய விதித்தாளோ மடிப்பிலே கிழிந்து முதலில் போகிறது. என் பெட்டிகளில் அதற்குத் தனியுறை. படியொன்று வேறு வீட்டில்.